மிதக்கும் சதுப்பு: தண்ணீரில் இறங்குவது யார்?



'மிதக்கும் சதுப்பு நிலம்' என்று கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தெப்பத் திருவிழாதான். பீப்பாய்களையும் மரங்களையும் சேர்த்துக் கட்டி, சாமியை ஏற்றி, குளத்தைச் சுற்றி இழுப்பார்கள். அதற்கு முன்னால் குளத்தில் இறங்கிப் பாசியும் சேறும் வாரியவர்கள் எங்கள் தெரு ஆட்கள் என்று என் தாத்தா சொல்வார். தெப்பம் மிதக்கும் அன்றைக்கு மட்டும் படித்துறையில் அவருக்கு இடம் இருந்ததில்லை. தூரத்தில் வரப்பு மேல் நின்று விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வருவாராம். அதனால் தண்ணீர்மேல் எதையாவது மிதக்கவிடப் போகிறோம் என்று யார் சொன்னாலும், கட்டப்போவது யார், கரையில் நிற்கப்போவது யார் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்விதான்.

செவ்வாப்பேட்டைக்காரனுக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். எங்கள் ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே போனால் தாமரைப்பாக்கம். அங்கே கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. அது கடலில் சேரும் இடம் எண்ணூர். பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். தெற்கே சில கிலோமீட்டர் போனால் கூவம். அது நேப்பியர் பாலத்தைத் தாண்டி, சென்னைத் துறைமுகத்தின் தென்சுவரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. ஆக, இரண்டு துறைமுகங்களுக்குப் போகிற தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம் நாங்கள். சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற கூவம் எங்கள் பக்கத்தில் சாக்கடை கிடையாது. மழை பெய்தால் ஏரி நிரப்புகிற ஆறு. அந்தப் பெயரில் எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊரே இருக்கிறது. ஆவடியைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் அதைக் கெடுத்தார்கள்.

எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஒருநாள் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தைப் பற்றிய வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். அங்குள்ள நேஷனல் அக்வேரியம் என்ற நிறுவனம் 2024 ஆகஸ்டில் இரண்டு கப்பல் துறைகளுக்கு நடுவே 10,000 சதுர அடியில் மிதக்கும் சதுப்பு நிலம் ஒன்றைத் திறந்திருக்கிறது. உப்புத் தண்ணீரைத் தாங்கும் புல்லும் புதரும் ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடமே உப்புச் சதுப்புதான். அதைத் தூர்த்துக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நகரம் கட்டினார்கள். இப்போது தூர்த்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாமல், மேலே மிதக்கவிடுகிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் சட்டம் ஒன்றின்மேல் நார் விரிப்பு. விரிப்பில் செடி. செடிக்கு மண் கிடையாது. வேர் நேராகத் தண்ணீருக்குள் தொங்கும். அந்த வேர்முடிகள்மேல் வழவழவென்று ஒரு படலம் படியும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழும். சாக்கடையில் வரும் அம்மோனியாவையும் மற்ற கழிவுகளையும் உடைப்பது பெரும்பாலும் அவைதான். செடி தன் பங்குக்கு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சி இலையாக வளர்கிறது. கலங்கல் வேரில் தட்டிக் கீழே படிகிறது. வேர்க்காட்டில் மீன்குஞ்சும் நண்டும் ஒளிகின்றன. மேலே கொக்கும் நாரையும் வருகின்றன.

இதில் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. உறிஞ்சியதெல்லாம் செடிக்குள்ளேதான் இருக்கிறது. காலாகாலத்தில் அறுத்துக் கரையேற்றாவிட்டால், செடி அழுகி எடுத்ததையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நாளாக ஆக வேரும் பாசியும் கிளிஞ்சலும் ஏறி எடை கூடும். சட்டம் கீழே அமிழும். பால்டிமோரில் 2010லிருந்து சிறு சிறு மாதிரிகளாகப் போட்டுப் பார்த்தபோது இந்தப் பாரம் பெரிய பிரச்சினையாக இருந்தது. அதனால்தான் இப்போதைய மிதவையில் காற்றைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சரிசெய்ய வழி வைத்திருக்கிறார்கள். அதாவது, கட்டித் திறந்து ரிப்பன் வெட்டினால் முடிகிற காரியம் இல்லை இது. மாதாமாதம், வருஷாவருஷம் ஒருவர் போய்ப் பார்த்து, அறுத்து, அள்ளி, கட்டு முடிய வேண்டும். அந்த ஒருவர் யார்?

பால்டிமோர் என்றதும் நான் செடியைவிட அதிகம் யோசித்தது பிரெடரிக் டக்ளஸைப் பற்றி. 1830களில் அதே துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளங்களில் அடிமையாக வேலை செய்தவர் அவர். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் நாரும் தாரும் திணித்து அடைக்கிற வேலை. வாரக் கூலியைக் கொண்டுபோய் எஜமானின் கையில் கொடுக்க வேண்டும். உடன் வேலை செய்த வெள்ளைத் தொழிலாளர்கள் அவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள். 1838ல் தப்பியோடி, பிறகு அடிமை முறைக்கு எதிரான பெருங்குரலாக ஆனார். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அதே துறைமுகத்திலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் ஐசக் மயர்ஸ் தலைமையில் காசு சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு கப்பல் தளத்தையே நடத்தினார்கள். தண்ணீரோரத்து வேலை முழுக்கத் தெரிந்தவர்களுக்குத் தண்ணீரோரத்தில் இடம் இல்லை என்பது அங்கேயும் நடந்த கதைதான். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் நாம் அந்தப் பச்சைப் படங்களைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஹைதராபாத்தில் நெக்னாம்பூர் ஏரியில் 2018 பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று 3,000 சதுர அடியில் ஒரு மிதவைச் சதுப்பைத் திறந்தார்கள். ஏறத்தாழ 3,500 செடிகள். அடியில் மூங்கில், அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் ஜல்லி. வெட்டிவேர், கல்வாழை, சம்பு, கோரை என்று எல்லாம் நம் வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கிற செடிகள். அமெரிக்காவில் கோடிகளில் செய்ததை இங்கே மூங்கிலும் சாக்கும் வைத்துச் செய்ய முடிந்திருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்தது.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. ஊர்த்தெரு மேட்டில், காலனி பள்ளத்தில். தமிழ்நாட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மேட்டுத் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக வந்து எங்கள் குட்டையில் விழும். என் சின்ன வயதில் அதில் துணி துவைத்தோம், குளித்தோம். பிறகு வீட்டுமனைகள் வந்தன, அடுக்குமாடி வந்தது, எல்லாருடைய கழிவும் அதே வாய்க்காலில் வந்தது. குட்டை பச்சையாகி, பிறகு கறுப்பாகியது.

அந்தக் குட்டையில் 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு மிதவை போடுவது என்று முடிவானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிற தம்பி ஒருவன், பழைய சாமான் கடையில் நீல நிற டிரம்கள் மலிவாகக் கிடைக்கும் என்றான். வேதியியல் படித்த தங்கை உடனே மறுத்தாள். "உள்ள என்ன இருந்துச்சுன்னு லேபிள்ல கூடச் சரியா இருக்காதுண்ணே. அத நமக்காகக் கழுவிக் குடுக்கப்போறது யாருன்னு நெனைச்சுப் பாருங்க" என்றாள். டிரம் வேண்டாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். நான்கு அங்குல பிவிசி குழாய்கள் வாங்கி இரண்டு முனையும் மூடி போட்டு ஒட்டினோம். அந்தக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தாங்கும். சுற்றும் குறுக்கும் சேர்த்து 18 மீட்டர் குழாய். மொத்தம் 160 கிலோ. குழாயின் எடை, மூங்கில், நனைந்த தென்னை நார் எல்லாம் கழித்துப் பார்த்து, செடி வளர்கிற பாரத்துக்கும் இடம் விட்டுத்தான் இந்த அளவை வைத்தோம். கணக்குப் போட்டவன் டிப்ளமோ படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் எங்கள் தெருப் பையன்.

செடி கட்டி முடித்து, மிதவையைக் குட்டைக்குள் தள்ளி நடுவில் நிறுத்த வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், கெட்ட எண்ணத்தோடு என்றுகூடச் சொல்ல முடியாது, சாதாரணமாகத்தான் சொன்னார். "நங்கூரம் கட்டணும்னா யாராச்சும் எறங்கணுமே. உங்க ஆளுங்க எறங்கிட்டாப் போச்சு. அவங்களுக்குப் பழக்கம்தானே."

யாரும் பேசவில்லை. பதில் சொன்னது அந்த வேதியியல் தங்கைதான். "பழக்கம் இல்லீங்க ஐயா. பழக்குனீங்க."

அன்றைக்கு வேலை அதோடு நின்றது. மாலையில் படிப்பு வட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். பெரியவர்கள் சிலர், "நம்ம குட்டை, நம்ம வேலை, ஒருத்தன் எறங்கினா என்ன குறைஞ்சிடும்?" என்றார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால் இளைஞர்கள் விடவில்லை. இதைச் செய்வதே நாளைக்கு வேறு இடங்களிலும் செய்யலாம் என்று காட்டத்தானே? இன்றைக்கு நம் ஆள் ஆசையாக இறங்கினால், நாளைக்குப் பெரிய ஏரியில், ஆற்றில், துறைமுகத்தில் இதே திட்டம் வரும்போது நம் ஆளைக் கூலிக்கு இறக்குவார்கள். கேட்டால், செவ்வாப்பேட்டையில் அப்படித்தானே செய்தார்கள் என்பார்கள். ஆகவே சாக்கடைத் தண்ணீரில் ஒரு மனிதக் கால்கூட படாமல் இதை நடத்த முடியாவிட்டால், இதை நடத்தவே வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம்.

தீர்மானம் போட்ட பிறகு வழி தானாகத் தெரிந்தது. குட்டை குறுக்கே 60 அடிதான். இரண்டு கரையிலும் கல்தூண் நட்டு, கிணற்றுக்குப் போடுவதுபோல் உருளைக் கப்பி மாட்டினோம். ஒரு கல்லில் மெல்லிய கயிற்றைக் கட்டி அக்கரைக்கு எறிய வேண்டும். பெரியவர்கள் எறிந்தது பாதியில் விழுந்தது. மாங்காய் அடித்துப் பழகிய எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாவது எறியில் சேர்த்தான். மெல்லிய கயிற்றில் கனமான கயிற்றைக் கட்டி இழுத்து, வளையமாக்கி, மிதவையை அதில் பிணைத்தோம். ஒரு பக்கம் இழுத்தால் நடுக்குட்டைக்குப் போகும். மறுபக்கம் இழுத்தால் கரைக்கு வரும். செடி அறுப்பது, கட்டு முடிவது எல்லாம் கரையில், கையுறை போட்டுக்கொண்டு. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவர்கள் நாம். நான்கு குழாயை மிதக்கவிட்டு இழுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு மாதத்தில் வேர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தொங்கின. தட்டான்கள் வந்தன, நீர்க்கோழி வந்தது. மிதவைக்கு அடியில் சிறு மீன்கள் கூட்டமாக நின்றன. குட்டை சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஓர் இரவில் செப்டிக் டேங்க் லாரி ஒன்று வந்து வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போனது. வாய்க்கால் பக்கம் இருந்த செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. உரிய இடத்தில் மனு கொடுத்தோம். அடுத்த முறை லாரி வந்த இரவில் எங்கள் தெருப் பெண்கள் வழியை மறித்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் லாரி வருவது நின்றது. 72 சதுர அடி செடியால் முடியாததை இருபது பெண்கள் செய்தார்கள். மிதவைச் சதுப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: மேலிருந்து வருவதை நிறுத்தாமல் கீழே செடி நடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது.

இப்போது துறைமுகத்துக்கு வருகிறேன். கூவம் முகத்துவாரத்தில் இப்படி ஒன்றை மிதக்கவிட்டால் என்ன என்ற பேச்சு எங்கள் வட்டத்தில் எழுந்தது. ஆசைக்கு அளவில்லை, ஆனால் இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் சுவரில் முட்டிச் சேர்ந்தது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கடலரிப்பில் கரைந்தன. கூவத்தின் வாயையும் அந்த மணல்தான் அடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் எந்த மிதவையையும் அடித்துக்கொண்டு போய்விடும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்குள் அலையடங்கிய தண்ணீர் இருக்கும் இடம்தான் இதற்குத் தோது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போன்ற இடத்தின் ஓர் ஓரத்தில் போடலாம். அதுவும் படகுக்கு வழி எங்கே வேண்டும், வலை எங்கே காயும் என்று அந்த மீனவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

உப்புத் தண்ணீரில் வெட்டிவேரையும் கல்வாழையையும் நட்டுப் பயனில்லை. அங்கே உமரியும் உவர்ப்புல்லும் கண்டலும்தான் தாங்கும். எந்த ஓடையில் எது முளைக்கும் என்பது எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் மக்களுக்குத் தெரியும். அறிக்கை எழுதுகிறவர்கள் அவர்களைப் 'பயனாளிகள்' என்ற கட்டத்தில் போடுவார்கள். அவர்களை ஆலோசகர் என்ற கட்டத்தில் போட்டு, அதற்குரிய சம்பளத்தையும் போட வேண்டும்.

எண்ணூரில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. நவீன உறிஞ்சு இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் களியாகிவிட்டதால் அவற்றால் முடியவில்லை. கடைசியில் மனிதர்கள் பாறைமேல் வரிசையாக நின்று வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போதும் மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் முகவையால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். கண்டல் தண்டுகளில் கறுப்பு ஏறி நின்றது. இரண்டு முறையும் நாட்டின் பெரிய பெரிய தொழிற்சாலைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இரண்டு முறையும் கடைசி இயந்திரம் மனிதக் கைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013ல் வந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆள் இறங்குவதை அது குற்றமாக்கியது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதெல்லாம் நம் தோழர்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று வாங்கிய உரிமைகள். ஆனால் சாக்கடையாகவே மாறிவிட்ட ஆறு, கழிமுகம், துறைமுகத் தேக்கம் எதுவும் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லி இல்லை. குழாய்க்குள் ஓடினால் சாக்கடை. அதே தண்ணீர் வானம் பார்த்து ஓடினால் ஆறு. ஆகாயத்தாமரை அள்ள இடுப்பளவுக் கூவத்தில் ஒருவர் நின்றால், அது சுற்றுச்சூழல் பணி என்று பெயர் பெற்றுவிடும். மிதவைச் சதுப்புகள் பெருகும்போது இந்த ஓட்டை வழியாகத்தான் பழைய வேலை புதிய பெயரில் நம்மிடம் வரும். இதுதான் என் அச்சம்.

இன்னொரு அச்சமும் உண்டு. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மனிதர் கட்டாத மிதக்கும் சதுப்பு இருக்கிறது. ஃபும்டி என்பார்கள். செடியும் வேரும் மண்ணும் பின்னித் திட்டுத் திட்டாக மிதக்கும். உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா அங்கேதான். கோடையில் நீர் வற்றும்போது ஃபும்டி தரையைத் தொட்டுச் சத்து எடுத்துக்கொள்ளும். மழையில் மறுபடி மேலே எழும். 1983ல் இதாய் தடுப்பணை வந்து, ஆண்டு முழுவதும் தண்ணீரை உயரத்திலேயே நிறுத்தியது. தரையைத் தொட முடியாமல் ஃபும்டி மெலிந்தது. கெடுத்தது அணை. ஆனால் 2006ல் ஏரியைப் பாதுகாக்கச் சட்டம் போட்டவர்களின் கண்ணில் பட்டது, அந்த மிதவைகள்மேல் குடிசை போட்டு மீன் பிடித்து வாழ்ந்த ஏழைகள். 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான குடிசைகளை எரித்தார்கள். சதுப்பு மிதக்கலாம், அதன்மேல் வாழ்ந்த மனிதர் மிதக்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

லோக்டாக் தூரம் என்று நினைக்க வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தீவுத்திடலை ஒட்டிக் கூவக்கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. திமுகவிலிருந்து வெளியேறி 1974ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட தலித் தலைவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. 2019 டிசம்பரில் கூவம் சீரமைப்பு என்று சொல்லி அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வு நேரம். வேலை பாரிமுனையில், பள்ளிக்கூடம் பாரிமுனையில், வீடு ஊருக்கு வெளியே. ஆற்றை நாறடித்தது அந்தக் குடிசைகளின் கழிவு மட்டும்தானா? நகரம் முழுவதின் கழிவும் அதில் விழுகிறது. அப்புறப்படுத்தியது மட்டும் குடிசைகளை. நாளைக்கு அதே கரையில் அழகாக ஒரு மிதவைத் தோட்டம் வந்தால், நாரைக்கு அங்கே வீடு கிடைத்துவிடும். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு?

இதனால் மிதவைச் சதுப்பே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் குட்டையின் வேர்க்காட்டில் மீன் நிற்பதை நானே பார்த்தேன். அழுக்கைச் சுமந்தவர்களுக்குத்தான் சுத்தமான தண்ணீர் முதலில் தேவை. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல என்று நமக்குத் தெரியும். பொதுத் தண்ணீரின் கரையில் சமமாக நிற்கிற உரிமைக்காக. ஏரியோ ஆறோ துறைமுகமோ, சீர்செய்யப்படும் ஒவ்வொரு நீர்நிலையும் நமக்கு ஒரு சவுதார் குளம்தான்.

ஆகவே, இப்படி ஒரு திட்டம் எங்கே வந்தாலும் நம் தோழர்கள் கேட்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து விழும் கழிவை நிறுத்த என்ன செய்தீர்கள் என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத மிதவை வெறும் பூந்தொட்டி. அடுத்தது, வரைபடத்தை விரித்து, இதில் மனிதர் தண்ணீரில் இறங்க வேண்டிய இடம் எது என்று கேளுங்கள். அப்படி ஓர் இடம் இருந்தால், கயிறோ கப்பியோ படகோ நடைபாலமோ வைத்து மாற்றி வரையச் சொல்லுங்கள். அறுக்கவும் அள்ளவும் வருகிறவருக்கு நிரந்தர வேலை, கையுறை, காலணி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை உண்டா? ஒப்பந்தக்காரர் மூலம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கண்டலும் கோரையும் தெரிந்த மக்களுக்கு முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி உண்டா என்று பாருங்கள். கடைசியாக, கரையில் இருக்கும் ஒரு வீட்டையும் இதன் பெயரால் அகற்ற மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் தண்ணீர்மேல் எழுதியது. அதை நம்ப வேண்டாம்.

எங்கள் குட்டைக்கு அடுத்த மிதவையைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். இது கொஞ்சம் பெரியது: 20 அடிக்கு 8 அடி. கூடுதல் குழாய், கூடுதல் நார், கப்பி இரண்டு ஜோடி. செலவுக் கணக்கைக் காலனிப் பலகையில் எழுதி வைக்கிறோம். "உங்க ஆளுங்க எறங்கினாப் போச்சு" என்று சொன்ன அந்தப் பெரியவர் போன வாரம் வந்து, தன் பம்புசெட்டில் சும்மா கிடந்த கப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை எண்ணெய் போட்டு மாட்டிவிட்டோம். உங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய நினைத்தால் எழுதுங்கள். குட்டையின் குறுக்களவை மட்டும் சரியாக அளந்து அனுப்புங்கள். கயிறு எவ்வளவு வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் கணக்குப் போட்டுத் தருவார்கள்.

ஜெய்பீம்.